பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டுடோரியல்

பேனாவை வாங்கும் முன் அந்த அம்மா விரல்களைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். துடைத்தால் போகிற கறையா அது? வெள்ளைத் தாளில் அழுக்குப் பட்டுவிடுமோ என்று அவருக்குப் பயம். 'என் மகளை வேறு இடத்தில் படிக்கவைக்க இருப்பதால், சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்டுக்கொள்கிறேன்' என்றிருந்தது அந்தத் தாளில். அதில் கையெழுத்து மட்டும்தான் அவருடையது. மற்ற ஒவ்வோர் எழுத்தையும் முத்து முத்தாக எழுதியவள் நான், அவருடைய மகளின் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை.

ஜெயங்கொண்டம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கு நூறு சதவீதத் தேர்ச்சி என்றால் உயிர். பத்தாம் வகுப்பில் யார் தேற மாட்டார்கள் என்பதை ஒரு வருடம் முன்பே கண்டுபிடித்து, பெற்றோரே கேட்டு வாங்கிப் போவதுபோல டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். 'களை எடுத்தாச்சா?' என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அந்தப் பெண் மக்கு இல்லை. நடத்திய பாடத்தை வாயால் கேட்டால் கதைபோலச் சொல்வாள். கணக்கை மனதிலேயே போட்டுவிடுவாள். தாளைக் கொடுத்தால்தான் போச்சு. எழுத்துகள் இடம் மாறிவிடும், ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டும். 'சோம்பேறிக் கழுதை, வீட்டில் புத்தகத்தைத் தொட்டால்தானே!' என்று வகுப்பு முழுக்கக் கேட்க எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்படித் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் உண்டு என்று எங்கள் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. மற்ற ஆசிரியர்களோடு நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அன்று அவள் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இங்க வேணாம்னா எங்கதாங்க டீச்சர் சேக்குறது? படிப்பு மட்டும் நின்னுடக் கூடாதுங்க. என்னோட கொட்டை உடைக்க வந்துட்டா அப்புறம் அவ்வளவுதாங்க."

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு டுடோரியல் இருக்கும்மா. இந்த மாதிரிப் புள்ளைங்கள நல்லா பாத்துப்பாங்க. பிரைவேட்டா எழுதி பாஸ் பண்ணிடலாம்" என்றேன்.

அப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. டிசி வாங்க வரும் பெற்றோரிடமெல்லாம் அதையேதான் சொல்வோம்; யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை. அந்த அம்மாவும் நம்பினார். "நீங்க நல்லா இருக்கணுங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் ஜெயங்கொண்டத்தில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, "டீச்சர்!" என்று ஒருத்தி ஓடிவந்தாள். அதே பெண்தான். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். முந்திரிக் கொட்டகையில் வேலை என்றாள். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க சொன்ன டுடோரியல ரெண்டு நாள் தேடினோம் டீச்சர். வூட்டுலேர்ந்து சோறு கட்டிட்டுப் போயி, பஸ் ஸ்டாண்டச் சுத்தி ஒவ்வொரு கடையா கேட்டோம். யாருக்குமே தெரியல. டீச்சர் சரியாத்தான் சொல்லியிருப்பாங்க, எனக்குத்தான் வெவரம் பத்தல, அடையாளம் கேட்டுக்காம வந்துட்டேன்னு அம்மா சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதுச்சு."

கொஞ்சம் தயங்கினாள்.

"அது எங்கதான் டீச்சர் இருந்துச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"அதை மூடிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.