கதவை மறுபடியும் திறந்தபோது

அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். எமனே பின்னால் துரத்திவந்தாலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் டாக்டராக இருந்தவளையே கல்யாணம் செய்துகொண்டார். பிறகு அவள் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வாகி, விண்வெளி நிலையத்துக்குப் போனாள். “உன் வீட்டம்மா வானத்துல, நீ இன்னும் சிக்னல்ல” என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்று காலை ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கட்டுப்பாட்டு மையத்தில், வீரர்களின் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி பேசினார்.

“சார், மேல ஒரு சின்னப் பிரச்சினை. பயப்பட ஒண்ணுமில்ல. வரும்போது உங்க அத்தையையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

தண்ணீர்க் குழாய் தரையில் கிடந்து ஆடியது. அவர் அதை எடுக்கவில்லை. இதே சொற்களை அவரே எத்தனையோ வீட்டு வாசல்களில் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்றுவிட்டு, இன்னொருவரையும் துணைக்குக் கூட்டிவரச் சொன்னால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும்.

மையத்தில் அவர்களை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு சோபா, ஒரு மேஜை, சுவரில் ஒலிபெருக்கி. அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, காது மந்தம். மகளின் குரலை எதிர்பார்த்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி நடந்ததைச் சொன்னார். மணல் அளவு கல் ஒன்று நிலையத்தின் சுவரைத் துளைத்துவிட்டது. காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டை இருக்கும் இடம் கிடைக்கவில்லை. அவளும் மற்ற இருவருமாக மூன்று பேரும் பூமிக்குத் திரும்பும் கலத்துக்குள் போய்விட்டார்கள். நிலையத்துக்கும் கலத்துக்கும் நடுவே உள்ள கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

“என்னவாம் மாப்பிள்ளை?” என்றாள் அத்தை.

“பத்திரமா உள்ள வந்துட்டாங்களாம் அத்தை. கிளம்பப் போறாங்க.”

ஆனால் அவர்கள் கிளம்பவில்லை. கதவைச் சாத்திச் சோதித்தபோது காற்று கசிந்தது. அழுத்திச் சாத்தினார்கள். மறுபடியும் கசிந்தது. ஒலிபெருக்கியில் கலத்தின் கேப்டனுடைய குரல் காற்றழுத்த எண்களை வாசித்துக்கொண்டே இருந்தது. எண்கள் இறங்குகின்றன என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

“இப்ப என்னவாம்?”

“கதவு கொஞ்சம் இறுக்கமாம். சரி பண்ணிட்டு இருக்காங்க. நீங்க தண்ணி குடிங்க.”

அத்தை டம்ளரைத் தள்ளி வைத்தாள். “மாப்பிள்ளை, ஆம்புலன்ஸ்ல ஏத்துனவங்ககிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசாதீங்க. நான் அவளைப் பெத்தவ. உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் அத்தையின் காதருகே குனிந்து, மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். கதவின் ரப்பர் வளையத்தில் ஏதோ சிக்கியிருக்கலாம். அதைத் துடைக்க வேண்டுமென்றால் கதவை மறுபடியும் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் காற்று குறைந்துவிட்டது. இந்தப் பக்கக் காற்றையும் அதற்குச் சமமாக இறக்கினால்தான் கதவு திறக்கும்.

“அப்ப மூச்சு?”

“காத்து நிரப்பின உடை போட்டிருக்காங்க. அது விட்டுப்போனா திணறும். திறந்ததும் சட்டுனு முடிக்கணும்.”

“யாரு துடைக்கிறது?”

அவர் பதில் சொல்லும் முன்பே ஒலிபெருக்கியில் மனைவியின் குரல் வந்தது. “கதவுகிட்ட நான்தான் இருக்கேன். நானே பாக்குறேன்.”

காற்று இறங்கும் சீறல் கேட்டது. கேப்டன் எண்களைச் சொன்னார். கதவு திறந்தது. வெறும் மூச்சுச் சத்தம். பிறகு அவள், “கையுறையோட ஒண்ணும் தட்டுப்படல. கழட்டுறேன்” என்றாள்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கையுறை இல்லையென்றால் போட்டிருக்கும் உடை பாதுகாப்பு தராது என்று விளக்க யாரும் தேவைப்படவில்லை. அவளுடைய கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கும்போது அவள் விரல்கள் எவ்வளவு நிதானமாக நகரும் என்பதை அவர் அவசரப் பிரிவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அவள் மூச்சு வேகமானது. ஒரு வார்த்தையைத் தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

“சீக்கிரம்மா,” என்றார் கேப்டன்.

“இருங்க… இருக்கு. நூல். துணி நூல்.”

கதவு சாத்தும் சத்தம். எண்கள். அதே எண். மறுபடியும் அதே எண். இறங்கவில்லை.

அவர் அத்தையின் கையைப் பிடித்தார். “நின்னுடுச்சு அத்தை. கசிவு நின்னுடுச்சு.”

அத்தை அழவில்லை. “இன்னும் கீழ வரணுமே,” என்றாள்.

கலம் நிலையத்தை விட்டுக் கிளம்பியது. அது நெருப்புப் பந்தாகக் காற்றுக்குள் இறங்கும்போது பேச்சு அறுந்துபோகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கலம் குறித்த இடத்தில் இறங்கவில்லை, காற்று வெகுதூரம் தள்ளிவிட்டது, ஹெலிகாப்டர் தேடிக்கொண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. பாராசூட் விரிந்ததா என்று அவர் கேட்டார். அதிகாரிக்கும் தெரியவில்லை. இந்த முறை பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். கேப்டனுக்குத் தோள்மூட்டு நழுவியிருந்தது. அவளுக்கு வாந்தி நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க விட்டார்கள். முகம் உப்பியிருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. அத்தை அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

“கதவைத் தொறந்தப்ப என்ன நெனச்ச?” என்று அவர் கேட்டார்.

“ஒண்ணும் நெனக்கலங்க. விரல் மரத்துப் போறதுக்குள்ள கிடைக்கணுமேன்னு இருந்துச்சு.” சற்றுப் பொறுத்து, “நீங்க?” என்றாள்.

“நான் அத்தைக்குச் சொல்லிட்டு இருந்தேன்.”

சில மாதங்களில் அவள் நடக்கப் பழகி, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். போன வாரம் அடுத்த பயணத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போது அதை அவரிடம் சொன்னாள். “உன் இஷ்டம்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.