சரோஜா அக்கா சொல்லவிடாத பதில்

விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் மில்லில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மிஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா போய்ட்டாங்கண்ணா" என்றாள் சரோஜா அக்காவின் மகள். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

திண்டிவனத்தில் எங்கள் எண்ணெய் மில்லை முதலாளி மூடிவிட்டுப் போனபோது, வேலை செய்தவர்களே சங்கம் வைத்து நடத்தலாம் என்று முதலில் சொன்னவர் சரோஜா அக்கா. சொத்தை மல்லாட்டை பொறுக்கும் வேலையில் இருந்தவர், செங்கொடி பிடித்தவர். "சோசலிசம்னா மில்லை சர்க்கார்தானே எடுத்துக்கணும்?" என்று மடக்கினேன்.

"எடுத்துக்கினா? முதலாளி எடத்துல ஆபீசர் வந்து குந்துவாரு. மிஷின் ஓட்டுற உன்னை அப்பவும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க தம்பி. கேக்கணும். எனக்கு அதான் சோசலிசம்."

கேட்பதற்கு ஒரு வழக்கமும் வைத்தார். எந்த முடிவானாலும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தவர் மட்டும் கண் திறந்து எண்ணுவார். அடுத்தவர் முகத்தைப் பார்த்து, முக்கியமாக அக்கா முகத்தைப் பார்த்து, யாரும் கை தூக்கக் கூடாதாம். "இன்னாக்கா, தியானமா பண்றோம்?" என்று கிண்டல் செய்தோம்.

பழைய மிஷின் ஒன்றை வாங்கும் விஷயத்தில் அவர் தோற்றார். வேண்டாம் என்று தொண்டை வற்ற வாதாடினார், நாங்கள் வாங்கினோம். லாரி வந்த அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் கை வைத்தவரும் அவர்தான். "தோத்துட்டேன், அவ்ளோதான். ஜல்தி புடிங்கப்பா." மூன்றாம் மாதமே மிஷின் படுத்தது. ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. போன் வந்தபோது நான் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தது அந்த மிஷினுக்குத்தான்.

இப்போது வானூர் வியாபாரி ஒருவர் மில்லை விலைக்குக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. விற்றுவிட்டால் மறுபடியும் நாங்கள் கூலியாட்கள். விற்காவிட்டால் ஓடாத மிஷினோடு மாரடிக்க வேண்டும். போன வாரம் ஆஸ்பத்திரியில் அக்காவிடமே கேட்டேன். மெதுவாகப் பதில் சொன்னார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே. சாவப் போறவ சொன்னான்னு கை தூக்கினா அது ஓட்டு இல்ல, உத்தரவு."

தகனம் முடிந்து திரும்பும்போது ஒவ்வொருவராக வந்தார்கள். "அக்கா கடைசியா இன்னா சொன்னாங்க? நீ சொல்லு, அப்படியே பண்ணிட்றோம்." நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தையில் எல்லாம் ஒரு பக்கமாக முடிந்திருக்கும், நானும் தூங்கியிருப்பேன். "எல்லாரும் வேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்க" என்றேன்.

அக்கா, இந்த முறை எண்ணும் குலுக்கல் என் பெயருக்கு விழுந்திருக்கிறது. எல்லாரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் நீங்கள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு கைகளை எண்ண வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.