தையல்காரன் பெண்டாட்டியின் தலை அளவு

புருஷன் அறைந்து கன்னம் வீங்கிவிட்டதாம், அதை மறைக்கத்தான் வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு திரிந்தாளாம்! எதிர்வீட்டு மாடிக்காரி சொன்னாளென்று நீங்களும் தலையாட்டுகிறீர்களே, வெட்கமாயில்லை? அந்தத் தையல்காரனா அடிப்பான்? கரப்பான்பூச்சியைக் கண்டால் மேசைமேல் ஏறி நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஆள். நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வைத்த பேர் ஆமை. பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். "அவசரம்னா மேல பறந்து போ, தம்பி" என்பாள். ஊரார் பிள்ளைகளை ஏற்றினால் அப்படித்தான் ஓட்டவேண்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரு பேய் குந்தியிருந்தது. ஞாயிறு வந்தால் தன் பெரிய பைக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒரு சுற்று. அதுவும் போதவில்லை. பந்தயத் தடத்தில் ஒருநாள் மட்டும் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டாள். அங்கே வாசலில் சோதிப்பார்களாம். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் வேண்டும், அது தலையோடு ஒட்டி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பு. அவளுடைய பழசு கீழே விழுந்து அடிபட்டது, ஆகாது.

புருஷனுக்கு அவளை அசத்திவிட ஆசை. சொல்லாமல் கொள்ளாமல் கடையிலேயே உசத்தியானதை வாங்கிவந்தான். செக்கச்செவேல், பளபளவென்று. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவன் கட்டினவள் தலையை அளக்கவில்லை, பாருங்கள்! தன் மண்டையில் போட்டுப் பார்த்தானாம். அதிலும் ஒரு சைஸ் பெரிதாக. தையல்காரன் புத்தி, இரண்டு விரல் தாராளம் விடாவிட்டால் தூக்கம் வராது.

அவள் மாட்டிக்கொண்டு திரும்பினாள். முகம் ஜன்னலைப் பார்த்தது, ஹெல்மெட் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, உள்ள நான் மட்டும்தானா, இன்னொருத்தருக்கும் இடம் விட்டிருக்கீங்களா?"

"கொஞ்சம் லூஸ்தான். பஞ்சு வெச்சுத் தைச்சுத் தரேன்."

"இது என்ன ஜாக்கெட்டா, பிரிச்சுத் தைக்க? விழுந்தா மண்டை ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும்."

அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். மறுநாள் அவளே போனாள். கடைக்காரர் நெற்றியைச் சுற்றி நாடா பிடித்தார், மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு நீளமான தலை, அக்கா. இந்தச் சிவப்பு உருண்டைத் தலைக்குச் செஞ்சது. சின்ன சைஸ் போட்டா நெத்தியில குத்தும்." போட்டுப் பார்த்தாள், ஆணி அடித்த மாதிரிதான் இருந்தது. வேறொரு வெள்ளையை எடுத்துக் கொடுத்தார். அது கன்னத்தைக் கவ்விப் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய்நிறையத் தண்ணீர் அடக்கின குழந்தை.

"அப்படித்தான் இருக்கணும், போகப்போக மெத்தை இறங்கும். வீட்டுல ஒரு மணி நேரம் கழட்டாம போட்டுக்குங்க. ஒரே இடத்துல வலிச்சா கொண்டாந்துடுங்க, ஸ்டிக்கரை மட்டும் பிய்ச்சிடாதீங்க. அப்புறம் தாடைப் பட்டையை இறுக்கிட்டு, பின்விளிம்பைப் பிடிச்சு யாரையாவது முன்பக்கமா இழுக்கச் சொல்லுங்க. கழண்டு வந்தா தடத்துப் பக்கமே போகாதீங்க."

இதுதான் சங்கதி. ஹெல்மெட்டோடு பாத்திரம் துலக்கினாள், துணி உலர்த்தினாள். மூக்குக்கண்ணாடி இடிக்காமல் நுழைகிறதா என்று பார்த்தாள். தடத்தில் வண்டிமேல் கவிழ்ந்துகொண்டுதானே போகவேண்டும்? கட்டிலில் குப்புறப் படுத்து முகத்தை நிமிர்த்தி, மேல்விளிம்பு பார்வையை மறைக்கிறதா என்று பார்த்தாள். மாடிக்காரி ஜன்னல் வழியாகக் கண்டது இதைத்தான். அரை மணிக்குள் தெருவே நாறிப்போயிற்று. தைக்கக் கொடுத்த துணிகளை இரண்டு பெண்கள் வெட்டினதும் வெட்டாததுமாகத் திருப்பி வாங்கிப்போனார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு உடுத்த ஒன்றும் இல்லாமல் போகட்டும்!

அவன் அழாத குறை. "கழட்டும்மா. வாசல்ல நின்னு மூஞ்சியைக் காட்டு."

"இன்னும் நேரம் இருக்கு. நெத்தி என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்."

"என் மானம் போகுதே!"

"உங்க மானம் போனா மெதுவா மீட்டுக்கலாம். என் மண்டை போனா?"

நெற்றி ஒன்றும் சொல்லவில்லை. கழற்றியபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தது, அதையும் அந்த மாடிக்காரி பார்த்துத் தொலைத்தாள்.

பாக்கி இழுத்துப் பார்ப்பதுதான். அவன் கும்பிடு போட்டான். "கதவைச் சாத்திட்டுக்கூட உன் தலையில கை வைக்கமாட்டேன். இருக்கிற நாலு துணியும் போயிடும்."

"நீங்க இழுக்காம நான் வண்டியை எடுக்கமாட்டேன். அங்க முன்பின் தெரியாதவன் இழுத்து, கையோட வந்துடுச்சுன்னா?"

அவன் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த நாளும் வந்தது. காலையில் அவள் ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, கதவைத் திறந்து வெளியே வந்தாள். பைக் தயாராக நின்றது. அவள் ஏறவில்லை. புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். மாடிக்காரி ஈரத்துணியைப் பிழிவதை மறந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் பார்க்கறாங்கம்மா."

"பார்க்கட்டும். இழுங்க."

அவன் மாடியைப் பார்த்தான். பெண்டாட்டியின் பிடரியைப் பார்த்தான். கழுத்தில் தொங்கின அளவு நாடாவை எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினான். இரண்டு கையாலும் பின்விளிம்பைப் பிடித்து, உயிரைக் கொடுத்து முன்னுக்கு இழுத்தான். அவள் குனிந்து இரண்டடி தள்ளாடினாள். மாடியிலிருந்து "ஐயையோ!" என்று ஓர் அலறல். ஹெல்மெட் நகரவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் உள்ளேயிருந்து.

இன்னொரு தடவையும் இழுத்தான். மூச்சு வாங்க நிமிர்ந்து, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான்: "ஒரு நூல்கூட அசையலை! போயிட்டு வாம்மா!"

அவள் முன்கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனாள்.