பத்தாவது கணக்கு

அந்தக் கைக்கடிகாரம் என் உள்ளங்கைக்கு வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதன் தோல்வாரில் வியர்வையும் முகப்பவுடரும் கலந்த வாசனை அடித்தது. காதருகே கொண்டுபோனால், உள்ளே ஏதோ பூச்சி உட்கார்ந்து ஓயாமல் கொறிப்பதுபோல் சத்தம் கேட்டது. அதற்கு முன்பு கடிகாரத்தைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் அண்ணாந்து பார்த்திருக்கிறேனே தவிர, தொட்டதில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, செஞ்சி வண்டிப்பேட்டைப் புளியமரத்தடியில், நான்தான் நேரம் பார்க்கிறவள் என்று பெரியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு அதை என் கையில் கொடுத்தார்கள்.

என் நைனா அந்தோணி மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். செஞ்சி என்றாலே கோட்டையையும் ராஜாக்களையும் சதுரங்கத்தையும் முடிச்சுப் போட்டுப் பேச வெளியூர்க்காரர்களுக்கு ஆசை. உண்மை அவ்வளவு கம்பீரமானதல்ல. எங்கள் ஊரில் சதுரங்கம் ஆடியவர்கள், மாட்டுக்கு லாடம் அடித்து முடியும்வரை வேறு வேலையில்லாமல் மரத்தடியில் குந்தியிருந்த வண்டிக்காரர்கள். கோணிச் சாக்கில் கரியால் கட்டம் கிழித்திருக்கும். வேப்பங்குச்சியில் செதுக்கிய காய்களில் பாதிக்கு மசி பூசியிருக்கும். நைனா மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிக்கொண்டே அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார். சீவிய குளம்புத் துண்டுகளுக்காக நாய்கள் காத்திருக்கும். ஆட்டத்தில் யாராவது தடுமாறினால், வாயில் கவ்விய ஆணிகளை எடுக்காமலே, "அந்தக் குதிரய உட்டுட்டு யானையப் பாரு" என்பார். அவர் சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை.

அவர்கள் ஆடியது நாட்டு ஆட்டம். அதற்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. ராஜாவுக்கு இன்னும் ஒருமுறைகூடச் செக் விழவில்லை என்றால், அது ஒரேயொரு தடவை குதிரையைப்போல் தாவித் தப்பிக்கலாம். "தாவல்" என்பார்கள். இங்கிலீஷ் ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது, சுந்தரம் சார் வரும்வரைக்கும்.

சுந்தரம் சார் மெட்ராசிலிருந்து தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தா. சிவந்த ஒல்லி மனிதர்; வெயிலுக்குப் பயந்தவர்; மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புளியமர நிழலுக்கு வந்துவிடுவார். அவரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் சதுரங்கப் புத்தகம் இருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் ஒரு சிக்கல்: வெள்ளை ஆடி இத்தனை நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும். விடை கடைசிப் பக்கங்களில். மரத்தடியில் அவற்றுக்குக் "கணக்கு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் அவர் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்றைப் படித்துச் சொன்னார். எங்கேயோ சீமையில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் யந்திரம் ஒன்று சதுரங்கம் ஆடுகிறதாம். அதற்கு மூளை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, இந்த மாதிரிக் கடினமான கணக்குகளை வரிசையாகக் கொடுத்து, எத்தனைக்கு விடை சொல்கிறது, எவ்வளவு நேரத்தில் சொல்கிறது என்று பரீட்சை வைக்கிறார்களாம். நைனா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"தோத்தா அந்த மிசினுக்குக் கோவம் வருமா சார்?"

சாருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அந்தப் பரீட்சையை வருகிற சனிக்கிழமை நைனாவுக்கே வைத்துப் பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தார். பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம், காயைத் தொடக் கூடாது, வாயால்தான் விடை சொல்ல வேண்டும். "பத்தும் சரியா சொல்லிட்டீங்கன்னா மெட்ராஸ்ல எங்க சங்கத்துக்கு எழுதறேன். அடுத்த போட்டியில உங்கள உக்கார வெக்கிறது என் பொறுப்பு" என்றார்.

நைனா சுத்தியலை எடுத்துக்கொண்டு மாட்டிடம் திரும்பினார். ஆனால் அன்று சாயங்காலம் அம்மாவிடம், கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மெட்ராசுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பாய் ஒருவரிடம் விசாரித்தது என் காதில் விழுந்தது. அவர் எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். சாருக்கு மூன்று மணிக்கு மெட்ராஸ் பஸ். நைனாவுக்கோ லாடத்துக்கு வந்த மாடுகள் வரிசையில் நின்றன. அதனால் இரண்டு கணக்குக்கு ஒரு மாடு என்று ஏற்பாடு. முதலில் வெள்ளோட்டமாக ஒரு கணக்கு வைத்தார் சார். நைனா பார்த்துவிட்டு, "மடக்க முடியாது சார், ராஜா தாவிப் பூடும்" என்றார். சார் சிரித்துவிட்டு, இங்கிலீஷ் ஆட்டத்தில் தாவல் கிடையாது என்று விளக்கினார். மரத்தடியே சிரித்தது. நைனாவும் சிரித்தார். "சரி, தாவலே கெடையாது. மறந்துட்டேன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லி, தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. குந்தியபடி, முழங்காலில் கையூன்றி, சாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண் மட்டும் அசையும். எனக்குத் தெரிந்த நைனா சாணியும் சீவிய குளம்புமாக நாறுகிற, அதிகம் பேசாத மனிதர். அந்தக் கண்களுக்குப் பின்னால் யானைகளும் குதிரைகளும் வந்து வந்து போவதை, யாருமே பார்க்க முடியாத ஒன்றை அவர் பார்ப்பதை, நான் அன்றுதான் பார்த்தேன். முதல் கணக்குக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சின்னக் காலாளால் மடக்கினார். மாடு ஒன்று எழுந்து போகும், இன்னொன்று சாயும், காலுக்கு இரண்டாக எட்டு லாடத் தகடும் அடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார், விட்ட இடத்தில் உட்காருவார். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் சார் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த விடையை, அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாத ஒருவர், வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் பெருகி, யாரும் பீடிகூடப் பற்றவைக்காமல் நின்றது.

ஒன்பதாவதுதான் இழுத்தது. நாலே முக்கால் நிமிஷத்துக்கு விடை வந்தது, சரியாக இருந்தது. அப்போது காசிம் பாய், மணிலாக்கொட்டை வண்டி ஓட்டுகிறவர், எங்களுக்கு வேண்டியவர், கிண்டலுக்கு வாய் திறந்தார்.

"மவ கையில வாட்ச்சு இருக்குது. நைனாவுக்கு டைம் நீண்டுக்கினே போவுது."

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைப் பேச்சு, வேறொன்றுமில்லை. ஆனால் எனக்கு முகம் பற்றி எரிந்தது. ஒரு நொடிகூட நான் ஏமாற்றவில்லை. என்னை நம்பிக் கொடுத்த வேலையில் களவு சொல்கிறார்களே என்று அழுகை முட்டியது.

பத்தாவது கணக்கு: நாலு நகர்த்தலில் மடக்க வேண்டும். நைனா பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. பின்னால் அடுத்த மாட்டை அதன் சொந்தக்காரர் அவசரப்பட்டுச் சாய்த்துக் கட்டிவிட்டார். அது மூச்சுவிட்டுத் திமிறியது. கட்டிப் போட்ட மாட்டை நெடுநேரம் கிடக்கவிடக் கூடாது, வயிறு உப்பிவிடும். நாலு நிமிஷம் தாண்டியது. நைனாவின் முகம் மெல்ல மலர்ந்தது. தலையை நிமிர்த்தினார்.

"நாலுல முடியாது சார். ராஜா தப்பிச்சிடும். எப்டின்னா..."

"டைம் ஆயிடுச்சி" என்றேன் நான்.

ஆகவில்லை. நொடி முள் இன்னும் பாதி வட்டம் சுற்ற வேண்டியிருந்தது. அரை நிமிஷம். காசிம் பாய் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சத்தமாக, எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நான் நியாயமானவள் என்று ஊருக்குக் காட்டிவிட்டேன்.

நைனா என்னைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தபின் பேசுவது அழகில்லை என்பது மரத்தடியில் அவர் வைத்த சட்டம். "சரிம்மா" என்று எழுந்து, திமிறிக்கொண்டிருந்த மாட்டிடம் போய்விட்டார். சார் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையை எங்களுக்கு ஆடிக் காட்டினார். வெள்ளை ராணியைச் செக் வைத்துக் கொடுப்பது, குதிரையால் ஒரு செக், யானையால் ஒரு செக், கறுப்பு ராஜா ஒதுங்குகிறது, முடிந்தது. "ஒம்பது சொன்னதே பெரிய விஷயந்தான். ஆனா அந்தத் தாவல் இன்னும் தலையிலியே இருக்குது. போட்டியில போயி ராஜாவத் தாவ வெச்சார்னா மானம் போயிடும்" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினார். சில மாதங்களில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று.

அன்று மாலை நைனா, ஆணிப்பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, உட்புறத்துப் பலகையில் ஆணியால் எதையோ கீறினார். பத்தாவது கணக்கு. ரா, யா, கு என்று எழுத்துக்கள்; கறுப்புக்கு வட்டம். தோற்றதை மறக்காமலிருக்க எழுதி வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அவர் தாவல் இல்லாமல்தான் ஆடுவேன் என்றார். மற்றவர்கள் அதற்கு ஒத்துவரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவரோடு ஆட ஆளில்லாமல் போயிற்று. வெள்ளைச் சட்டையை, என் தம்பி மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெட்டித் தைத்தார்கள். அரை நிமிஷத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை, அவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆனபின்பும்.

போன மாதம் தம்பி பழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தான். ஆணிப்பெட்டி என்னிடம் வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கைபேசியில் சதுரங்க நிரல் ஒன்று வைத்துக்கொண்டு தினமும் தோற்கிறவள். அன்றைய சாரைப்போலவே அதற்குக் கடினமான நிலைகளைக் கொடுத்துப் பரீட்சை வைப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அது திணறி நான் பார்த்ததில்லை. அறையை அடைத்து நின்ற அந்த யந்திரத்தின் பேரப்பிள்ளை என் இடுப்பில் செருகியிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மலைப்பேன். மூடியைத் துடைத்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, பத்தாவது கணக்கை அதில் ஏற்றினேன்.

கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிட்டது: மடக்க முடியாது.

நம்பிக்கையில்லாமல் இன்னொரு நிரலில் போட்டேன். அதுவும் அதையே சொன்னது. கடைசியில், அன்று சார் ஆடிக் காட்டி எனக்கு இன்னும் மறக்காத புத்தக விடையை நானே வெள்ளையாக ஆடிப் பார்த்தேன். ராணியைக் கொடுத்தேன். குதிரையால் செக். யானையால் செக். புத்தகத்தில் ராஜா ஒதுங்கிய அந்த இடத்தில் நிரல் ராஜாவைத் தொடவே இல்லை. மூலையில் சும்மா கிடந்த கறுப்பு யானை குறுக்கே வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து என் ராஜாவுக்கே செக். அதை வெட்டினால் பின்னால் காலாள் காத்திருக்கிறது. என்னிடம் ராணியும் இல்லை. ஆட்டம் போயிற்று. தாவலுக்கு அங்கே வேலையே இல்லை. அச்சடித்த புத்தகம்தான் தப்பு.

ஆனால் நைனா நினைத்தது இதைத்தானா? ஒருவேளை தாவலைத்தான் நினைத்தாரோ? மூடியை மறுபடி எடுத்தேன். ஒரு கட்டத்தில், எழுத்து எதுவும் இல்லாத வெற்றுக் கட்டத்தில், ஆழமாக ஓர் ஆணிக்குத்து இருந்தது. பலகையில் இருந்த பழைய ஓட்டை என்று விட்டிருந்தேன். யானை வந்து நின்ற கட்டம் அதுதான். உலகத்தில் எந்த யந்திரத்தாலும் இதைக் கண்டிருக்க முடியாத நாளில், வாயில் ஆணிகளோடு வாழ்ந்த ஒரு மனிதர், புத்தகம் எழுதியவரும் பார்க்காததை மரத்தடியில் குந்தியபடி பார்த்திருக்கிறார். எனக்கு அழுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

வண்டிப்பேட்டை இப்போது பஸ்கள் திரும்பும் சிமெண்டுத் தரை. புளியமரம் இல்லை. லாடம் கேட்டு வர மாடும் இல்லை, காசிம் பாயும் இல்லை. மாற்றலாகிப் போன சுந்தரம் சார் பிறகு எங்கே இருந்தார், என்ன ஆனார் என்று தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டிய சேதி என்னிடம் இருக்கிறது.

நேற்றுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நைனா அன்று சொல்ல வந்ததை அவர் பேசுகிற நிதானத்தில் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். "எப்டின்னா, மூணாவது செக்குக்கு ராஜா நவுராது சார், யானை குறுக்க வந்துடும், வந்து அதுவே செக்கு வெக்கும்."

எட்டு நொடி ஆனது.