கர்ணன் குளித்து வரும்வரை

சதுரங்கப்பட்டினம் பேருந்து நிறுத்தத்தில் இப்போதுதான் வெயில் ஏறுகிறது. விடிய விடிய நடந்த தெருக்கூத்தில் கர்ணனாகச் செத்தவர், டீக்கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் அரிதாரம் இன்னும் கலையவில்லை. அவர் ஆட்டக்களத்தில் சரிந்து விழுந்தபோது, என் அப்பா போன அன்று வராத அழுகை எனக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் எழுந்திருப்பதைப் பார்த்து டீக்கடைக்கார அக்கா தடுக்கிறார்.

"குந்துண்ணா. செத்த வேஷம் கட்டிகினு வந்துகீறாரு. தலைக்கு ஊத்திக்கிற வரைக்கும் அவராண்ட யாரும் பேசக்கூடாது."

"ஒரு வார்த்தைதான் அக்கா."

"அவரு வூட்டுக்காரம்மாவே பேசாது. நீ டீயக் குடி."

டீ ஆறுகிறது. அவர் மெல்ல எழுந்து தெருக்குழாய்க்குப் போகிறார். முதல் குடத்தைத் தலையில் கவிழ்க்கும்போது செங்கல்பட்டுப் பேருந்து வந்துவிடுகிறது. இதை விட்டால் மத்தியானம்தான். ஏறிக்கொள்கிறேன்.

பேருந்து நகரும்போது அவர் ஈரத்தலையோடு நிமிர்கிறார். நெற்றி வெறுமையாக இருக்கிறது. ஜன்னலில் இருந்தபடியே கும்பிடுகிறேன். யாரென்று தெரியாமலே அவரும் கும்பிடுகிறார்.