பாண் பதினைந்து சதம் விற்ற காலம்

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்றில், முன்வாசல் படிக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருக்கிறது. ஊறுகாய், உருளைக்கிழங்கு வைப்பதற்காக இந்த ஊர்ப் பழைய வீடுகளில் கட்டிவிட்ட குளிரறை. எங்களுக்கு முன் அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியே இருந்தவராம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவர் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவர் செத்தபின் பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். குளிரறையின் மேல்தட்டில் கட்டுக்கட்டாக இருந்த பழைய சஞ்சிகைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். உலக யுத்தம் முடிந்த அடுத்த பத்து வருடத்தில் அமெரிக்காவில் வந்த சஞ்சிகைகள். நான் அவற்றைத் தூக்கிக் குப்பையில் போடப் போனேன். என் மனுசன் மறித்துவிட்டார். அன்றைக்கு அந்த ஆளின் சொல்லைக் கேளாமல் விட்டிருந்தேனென்றால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் முப்பது வருடம் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வேலையை விட்டபின் வீட்டில் இருக்கத் தெரியாது. அதோடு சீனி வருத்தம். காலையில் எழுந்ததும் வயிற்றில் முப்பது அளவு இன்சுலின் குத்த வேண்டும். பாதங்கள் பாதி மரத்துப் போய்விட்டன. முள் குத்தினாலும் தெரியாது. “காலைக் கவனமாய்ப் பாத்துக்கொள்ளுங்கோ, கால் போனால் ஆள் போனமாதிரி” என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம் அந்தக் கால்தான்.

பகலில் அவருக்குப் பொழுதுபோக்கு இரண்டு. ஒன்று யூரியூப் செய்தி. மற்றது அந்தச் சஞ்சிகைகள். தேத்தண்ணியோடு குசினி மேசையில் விரித்து வைத்து, எனக்குச் சாப்பாட்டுச் சாமான் விலைவாசி வாசிப்பார்.

“இஞ்சேரும், ஒரு பாண் பதினைஞ்சு சதமாம். இப்ப எங்கட பாண் என்ன விலை?”

“நாலு டொலர். அதுவும் மலிவில போட்டால்.”

“பாத்தீரே!”

என்னவோ நான்தான் கடைக்குள் போய் விலையைக் கூட்டிவிட்டு வந்தது போல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பக்கத்தைப் புரட்டுவார். அலுமாரி அளவு ஒரு ரிவிப் பெட்டி, அதைச் சுற்றி ஒரு குடும்பம். தகப்பன் கழுத்தில் ரை கட்டியிருக்கிறான், தாய் முத்துமாலை போட்டிருக்கிறாள், நாய் கூடக் குளித்து வெளிக்கிட்டது போல இருக்கிறது. “வீட்டுக்குள்ள ரை கட்டிக்கொண்டு ரிவி பாக்கிற மனுசனை நான் இப்பதான் காணுறன். நீங்கள் சாரத்தை ஒழுங்காக் கட்டினாலே காணும்” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கத்தான் செய்தன. நாங்கள் ஒரே சோபாவில் இருந்துகொண்டு ஆளுக்கொரு போனைப் பார்க்கிறவர்கள். அவர் காதில் செய்தி, என் காதில் நாடகம்.

ஆனால் ஒரு சஞ்சிகையில் நடுப்பக்கம் ஒன்று இருந்தது. அணுகுண்டு விழுந்தால் வீட்டு நிலவறையில் என்னென்ன சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ரின்னில் அடைத்த உணவு, தண்ணீர்ப் போத்தல், மெழுகுதிரி, மருந்துப் பெட்டி. அதற்கு அடுத்த பக்கம் கேக் மாவு விளம்பரம். இரண்டு பக்கத்திலும் ஒரே சிரிப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. மூடி வையுங்கோ என்றேன். அவர் மூடவில்லை.

“இவங்கள் யுத்தத்தில வெண்ட சனம். வெண்ட சனமே இப்பிடிப் பயந்து சேத்து வைச்சிருக்கு. நாங்கள் தோத்த சனம். எங்களுக்கு எவ்வளவு வேணும் சொல்லும்?”

நான் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

அந்தப் பனிக்காலத்தில்தான் எல்லை, வரி, சாமான் தட்டுப்பாடு என்று செய்திகள் சூடு பிடித்தன. ரிவியில் ஒரு மாதிரிச் சொன்னதை யூரியூப்பில் இன்னொரு மாதிரிச் சொன்னார்கள். பின்னால் மேளம் அடிக்க, ஒருவன் மூச்சு வாங்காமல் கத்துவான்: அமெரிக்கா கதவை மூடுகிறது, மரக்கறி நிற்கப் போகிறது, மருந்தும் நிற்கப் போகிறது! என் மனுசன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். பின்னேரம் காரை எடுத்துக்கொண்டு போவார். வரும்போது இரண்டு மூட்டை அரிசி. அடுத்த கிழமை பருப்பு, உப்பு, நெருப்புப்பெட்டி, பற்றரி. குளிரறை நிரம்பி வழிந்தது.

“உதென்ன, சங்கக் கடை திறக்கப் போறியளோ?” என்று நான் ஏசினேன். ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் வந்து பார்த்துவிட்டு, “அப்பா, திஸ் இஸ் நொட் ஜஃப்னா, ஓகே?” என்றாள். வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அது ஒரு பகிடி. ஆனால் நானும் பெரிய திறம் இல்லை. ஊரில் யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவள் நான். இன்றைக்கும் தேய்ந்த சவர்க்காரத் துண்டை எறிய எனக்குக் கை வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். செய்தி என்றால் எங்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

அவருடைய அக்கா அந்தக் காலத்தில்தான் செத்துப்போனவர். அவருக்கும் இதே வருத்தம். கரண்ட் இல்லாத ஊரில், ஈரமணல் போட்ட பானைக்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்துக் குளிராக வைத்திருந்தார்களாம். மருந்து கொண்டுவரும் கப்பல் நின்றது. மிச்சமிருந்த கடைசிக் குப்பி சித்திரை வெயிலில் பழுதாகிப் போனது. அக்காவுக்கு ஊசி போட்டுவிடுகிறது என் மனுசன்தான். மருந்து பழுதென்று தெரியாமல் நாலு நாள் போட்டிருக்கிறார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் இதை எனக்கு இரண்டே தரம்தான் சொன்னார்.

தை மாதம் பேரனுக்குப் பிறந்தநாள். என் வீட்டில் கொண்டாட்டம். கேக்கை வைக்கப் பிரிட்ஜைத் திறந்தால் ஒரு தட்டு முழுக்க இவருடைய இன்சுலின் பெட்டிகள். எனக்கு வந்ததே கோபம்.

“நீங்கள் என்ன, பார்மஸி நடத்திறியளே? கேக் வைக்க இடமில்லை. உதுகளைக் கீழ கொண்டுபோய் வையுங்கோ!”

அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பேஸ்மென்றுக்குப் போனார். கீழே எங்கே வைப்பார் என்று நான் யோசிக்கவில்லை. மாதத்துக்கு மாதம் முடிகிற மருந்து எப்படி இத்தனை பெட்டி சேர்ந்தது என்றும் யோசிக்கவில்லை. கேக்கை வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மாசியில் அவருடைய வலது காலுறையில் ஒரு கறை கண்டேன். பனிச் சப்பாத்து சின்ன விரலை உரசிப் புண்ணாக்கியிருக்கிறது. மனுசனுக்கு அது தெரியவே இல்லை. சீனி பார்க்கிற மெசினில் பத்தொன்பது காட்டியது. பத்துக்குக் கீழே நிற்க வேண்டிய இலக்கம். ஒளித்து டோனட் தின்கிறீர்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். காரின் சீற்றுக்குக் கீழேயும் தேடினேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை அவர் ஊசி குத்தும்போது பின்னால் போய் நின்றேன். ஊசிப் பேனையின் திருகு பதினைந்தில் நின்றது.

“ஏனப்பா பதினைஞ்சு?”

அவர் திடுக்கிட்டுப் போனார். “மிச்சம் பிடிக்கிறன். ஒரு நாளைக்குக் கப்பல் வராட்டி என்ன செய்வீர்?”

“எந்தக் கப்பல்? இஞ்ச எங்கயப்பா கப்பல்? விசரே உங்களுக்கு? காலை வெட்டிப்போடுவாங்கள்!”

அன்றைக்கு நான் கத்திய கத்தில் சுவாமி அறை விளக்கே அணைந்திருக்கும். அழுதேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, இனி முழு முப்பதும் குத்துவேன் என்று சத்தியம் வாங்கினேன். அவரும் அழுதார். அதோடு நின்றேனா? இல்லை. என் சிக்கன புத்தி வாயைத் திறந்தது. “சேத்து வைச்சதை முதல் முடியுங்கோ. சும்மா கிடந்து பழுதாகாமல்” என்றேன். ஓம் என்றார்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் நான் பக்கத்தில் நின்றேன். முதல்நாள் இரவே கீழேயிருந்து எடுத்து வைத்த பேனையை உள்ளங்கையில் வைத்து உருட்டுவார். குளிர் மருந்து குத்தினால் நோகும் என்பார். முப்பதுக்குத் திருப்பி என்னிடம் காட்டுவார். நான் தலையாட்டியபின் குத்துவார். மகளுக்குப் போன் எடுத்து, கொப்பர் வழிக்கு வந்திட்டார் என்று பெருமையடித்தேன்.

சீனி இறங்கவில்லை. இருபத்திரண்டு. இருபத்தைந்து. ராப்பகலாகத் தண்ணீர் விடாய் என்றார். சின்ன விரல் கறுக்கத் தொடங்கியது, பக்கத்து விரலுக்கும் நிறம் மாறியது. புண்ணுக்கு மருந்து கட்டிய நேர்ஸ், இவர் ஒழுங்காக ஊசி போடுகிறாரா என்று என்னைக் கேட்டாள். “ஓம், நான்தான் பக்கத்தில நிண்டு பாக்கிறனான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. டொக்டர் அளவைக் கூட்டினார். அதற்கும் இறங்கவில்லை. வீட்டுக்குள் என்னவோ ஒன்று நடக்கிறது என்று மனம் அடித்துக்கொண்டது. நான் கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறக்குளா மீன் எடுக்கக் கீழே போனேன். பேஸ்மென்றில் பெட்டி போல ஒரு பெரிய டீப் பிறீசர் வைத்திருக்கிறோம். அதன் மூடியில் அவர் சஞ்சிகையிலிருந்து ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார். முத்துமாலை போட்ட ஒரு பெண் இதே மாதிரிப் பிறீசரைத் திறந்துவைத்துச் சிரிக்கிறாள். எது வைத்தாலும் வருடக்கணக்கில் புதிதாக இருக்கும் என்று விளம்பரம். மாதக்கணக்காக நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மீன் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு மேலே இருந்த பார்சல்கள் முடிந்து, கை அடிவரை போனது. ஒரு பொலித்தீன் பைக்குள், உறைபனி பிடித்த இன்சுலின் பெட்டிகள். ஒரு பேனையை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கல்லாக இருந்தது.

அங்கேயே நின்றபடி மருந்துக்கடைக்குப் போன் எடுத்தேன். எங்கட தமிழ்ப் பெடியன் ஒருவன்தான் அங்கே மருந்து கொடுக்கிறவன். கண்டதை அவனிடம் சொன்னேன். “அன்ரி, அது ஒருக்கா உறைஞ்சால் பிறகு இளகினாலும் நம்பேலாது. வேலை செய்யாது. அங்கிள் எத்தினை நாளாய் உதைக் குத்துறார்? உடன ஹொஸ்பிற்றலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றான். அரிசி மூட்டையின் மேல் இருந்துவிட்டேன். ஐந்து கிழமை. ஐந்து கிழமையாக நான் தலையாட்ட ஆட்ட அவர் வெறும் தண்ணீரைக் குத்தியிருக்கிறார்.

ஹொஸ்பிற்றலுக்குப் போகும் வழியில், காருக்குள், ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். கத்தவில்லை.

“குளிரில வைக்கச் சொல்லித்தானே சொல்லுறவை. கூடக் குளிரெண்டால் கூட நல்லமெண்டு நினைச்சன். அக்காவின்ர மருந்து சூட்டிலதானே பழுதாப்போனது.”

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

மூன்று விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது, இப்போதைக்கு என்றார்கள். அந்த இப்போதைக்கு என்ற சொல் இரவும் பகலும் எங்களோடு வீட்டில் இருக்கிறது. விளம்பரத்தைக் கிழித்தெறிந்தேன். சஞ்சிகைக் கட்டுகளைக் குப்பைக்காரன் கொண்டுபோனான். பிரிட்ஜின் நடுத்தட்டு முழுவதும் இப்போது மருந்துக்கு மட்டும். அவர் செய்தி கேட்பதை விட்டுவிட்டார், கேளுங்கோ என்றாலும் வேண்டாம் என்கிறார். ஊசியை நான்தான் போடுகிறேன், முப்பத்தாறு.

இவர் விட்டதை நான் பிடித்துக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாது. சமைக்கும்போது வீடு சத்தமில்லாமல் இருக்கிறதே என்று குசினியில் ரேடியோவைப் போட்டுவிடுவேன், அவ்வளவுதான். போன கிழமை மருந்துக்கடைப் பெடியன் ஒரு பெட்டிதான் தந்தான். மற்றது செவ்வாய்க்கிழமை வரும், ஒண்டும் யோசிக்காதையுங்கோ அன்ரி என்று சிரித்தான். நான் யோசிக்கவில்லை. வரும் வழியில் கடைக்குப் போய் இரண்டு மூட்டை அரிசி எடுத்துக்கொண்டு வந்தேன், மலிவில் போட்டிருந்தான்.

அடுத்த நாள் காலை. அவர் கட்டுப் போட்ட காலை ஸ்ரூலில் நீட்டியபடி, சேர்ட்டை வயிற்றுக்கு மேல் உயர்த்திக்கொண்டு இருந்தார். ரேடியோவில் எல்லையைப் பற்றி என்னவோ சொன்னார்கள். நான் பேனையைத் திருகினேன். குத்தக் கிட்டக் கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். என் விரல் முப்பத்துநாலில் நின்றுவிட்டிருந்தது.

கடவுளறிய நான் நினைத்துச் செய்யவில்லை. அவர் என்னை ஏசவில்லை. மெல்ல என் கையிலிருந்து பேனையை வாங்கி, இரண்டு சொடுக்குத் திருப்பித் திரும்பவும் என் கையில் தந்தார்.

“எனக்கும் உப்பிடித்தான் தொடங்கினது,” என்றார்.