பெரியப்பா வந்து பார்க்கும் வரை

எங்கள் வீட்டில் கல்யாணமோ கடை வாடகையோ பல் பிடுங்குவதோ, எதுவானாலும் பெரியப்பா வந்து தலையாட்ட வேண்டும். அப்பாவின் அண்ணன், பிராட்வே கடைத்தெருவில் துணிக்கடை. அவர் சொல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிப் படி மிதித்ததில்லை. இந்த வழக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று காலை, கொச்சங்காடியிலுள்ள எங்கள் சுக்குக் கடைக்குக் கிளம்பும் முன் அப்பா சாயா குடித்துக்கொண்டிருந்தார். காலேஜுக்குக் களமசேரி பஸ்ஸைப் பிடிக்க நான் செருப்பு மாட்டினேன். "மழ வரும், குடை எடு" என்றார், தெளிவாக. நான் வாசலைத் தாண்டவில்லை, கிளாஸ் விழுந்து உடைந்தது. திரும்பினால் அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அப்பா, சிரிங்க."

பாதி முகம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடது கை எழுந்தது. வலது மடியிலேயே கிடந்தது, வலது காலும் அசையவில்லை. ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை.

"ஸ்ட்ரோக்கும்மா. இப்பவே போகணும்."

"வாயுவா இருக்கும் மோளே. பெரியப்பாவக் கூப்பிடு" என்றாள் அம்மா.

போன் ஸ்பீக்கரில் பெரியப்பா நிதானமாகப் பேசினார். "பதறாத. வாதத் தைலம் இருக்கில்ல? கையில நல்லா தேச்சு படுக்க வை. நான் வந்து பாத்துட்டு சொல்றேன்."

"தேச்சா போறதில்ல பெரியப்பா. மூளைக்கு ரத்தம் போகல. ஒவ்வொரு நிமிஷமும்..."

"நீ டாக்டருக்கா படிக்கறே? பிளாஸ்டிக்குக்குத்தானே படிக்கறே?"

நான் படிப்பது பாலிமர். அதை விளக்க அது நேரமில்லை, போனை வைத்தேன். அதற்குள் அம்மா உள்ளங்கையில் தைலம் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். பிடுங்கி வைத்தேன். அடுத்து, அப்பா லுங்கியோடு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று வேட்டி மாற்ற நின்றாள். "பெரியவர் கோவிச்சுக்குவார்டீ" என்று அழுதாள். கோவிக்கட்டும் என்று பக்கத்து வீட்டு மலையாளச் சேட்டனைக் காரை எடுக்கச் சொன்னேன். போகிற வழியிலேயே போன் செய்தேன்: ஸ்கேன் இருக்கா, ஸ்ட்ரோக் பார்க்கிற டாக்டர் இருக்காரா? முதல் ஆஸ்பத்திரியில் இல்லை. இரண்டாவது இடத்தில், "கொண்டு வா" என்றார்கள்.

அங்கே டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை ஆரம்ப மணிநேரங்களுக்குள்தான் போட முடியுமாம். குடை எடு என்று அப்பா சொன்ன நேரத்தைச் சொன்னேன். ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள்.

கால் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. தைலத்துக்கும் வேட்டிக்கும் போன நேரத்தில் அதில் எவ்வளவு போனதோ, டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களிடம் பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் போன்லயே சொல்லிட்டேன், ஒடனே தூக்கிட்டுப் போன்னு."

அப்பா வாயைத் திறந்தார். சொல் வரத் தாமதமானது.

"ஆமான்னு சொல்றான்" என்றார் பெரியப்பா.

"நிறுத்துங்க பெரியப்பா. அவரு முடிக்கட்டும்."

பெரியப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயா கையோடு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எண்ணெ," என்றார் அப்பா. மூச்சு வாங்கிவிட்டு, "எண்ணெ... தேக்க... சொன்னே."